பழைய ஹாம் ரேடியோவுக்கு மாற்றுக் கனெக்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

பழைய ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக அலைவழிப் பேசுபவர்கள் பயன்படுத்தும் அமெச்சூர் ரேடியோ) ஒன்றை வாங்கிச் சீர்செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வால்வுகள் எனப்படும் வெற்றிடக் குழாய்களையும் கண்டென்சர்களையும் நினைத்தே கவலைப்படுகிறார்கள். வேலை நின்றுபோவது வேறு இடத்தில். பின்புறத்துப் பன்னிரண்டு தகட்டு சாக்கெட்டுக்கு உரிய பிளக் இருக்காது, அல்லது மைக்கின் கேபிளை யாரோ வெட்டி எடுத்திருப்பார்கள். பெங்களூரில் இந்த நிலையில் கிடைக்கும் அறிவுரை இரண்டே வகை. "எஸ்.பி. ரோட்டுல போய்க் கேளுங்க, இல்லாததே இல்ல" என்பது ஒன்று; எஸ்.பி. ரோடு அங்குள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. "அதெல்லாம் இப்ப வர்றதே இல்ல சார், வெளிநாட்டுலேர்ந்துதான் வரவழைக்கணும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. கனெக்டர் என்பது எதனால் பொருந்துகிறது, எதனால் பொருந்தியும் பயன்படாமல் போகிறது என்பது தெளிவாக இல்லாததால்தான் இரண்டு பேச்சும் ஒரே மூச்சில் உலவுகின்றன.

ஒரு பொருத்தம் அல்ல, மூன்று

பிரஷர் குக்கருக்கு கேஸ்கெட் வாங்கப் போகிறவர் "ஐந்து லிட்டர்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதையும் எடுத்துத் தரமாட்டார். எந்தக் கம்பெனி, மூடி வெளியே பூட்டுவதா உள்ளே நுழைவதா என்று கேட்பார். கொள்ளளவு ஒன்றாக இருந்தும் விளிம்பு வேறாக இருக்கலாம். விளிம்பில் சரியாக உட்கார்ந்த ரப்பரும் மட்டமானதாக இருந்தால் ஆவி அழுத்தத்தில் இளகிவிடும். அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் பழைய கேஸ்கெட்டையே கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

கனெக்டரிலும் இந்த இரண்டு கேள்விகள் உண்டு: வடிவம் பொருந்துகிறதா, சுமையைத் தாங்குமா. கேஸ்கெட்டில் இல்லாத மூன்றாவது கேள்வியும் இங்கே இருக்கிறது: எந்தப் பின்னில் எது வருகிறது? முதல் கேள்விக்கு விடை கிடைத்ததுமே வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பரவலான தவறு.

வடிவம்: கண்ணால் பார்த்தால் போதாது

ஹாம் ரேடியோவில் அதிகம் காணப்படும் ஆண்டெனா இணைப்பு பிஎல்-259 என்ற பிளக்கும் எஸ்ஓ-239 என்ற சாக்கெட்டும் சேர்ந்த ஜோடி. இதன் மரை 5/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்டது. மில்லிமீட்டரில் சொன்னால் விட்டம் 15.88, ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு ஏறத்தாழ 1.06. ஜப்பானில் இதே தோற்றத்தில் 16 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் கொண்ட மெட்ரிக் வகை ஒன்றும் இருந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதல் இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைத் துரு என்று நினைத்து பிளையரால் திருகுபவர் சாக்கெட்டின் மரையையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறார்.

அமெரிக்கச் சாதனங்களின் மைக் ஜாக்கும் இதே போல ஆளை ஏமாற்றும். டிரேக், காலின்ஸ் முதலிய தயாரிப்புகளில் வரும் மைக் பிளக் கிட்டார் பிளக்கைப் போலவே தோன்றினாலும் கிட்டார் பிளக்கின் தண்டு 6.35 மி.மீ. தடிமன், மைக் பிளக்கின் தண்டு ஏறத்தாழ 5.2 மி.மீ. தான். பெரியது நுழையாது என்பதால் சேதம் இல்லை. சிறியதைப் பெரிய துளையில் செருகினால் தொட்டும் தொடாமலும் இருந்துகொண்டு நாள் முழுவதும் அலைக்கழிக்கும்.

இன்னும் நுணுக்கமான ஒன்று, சாதனத்தின் உள்ளே ஒரு சர்க்யூட் பலகையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் வெள்ளை நிறச் சிறு கனெக்டர்களில் இருக்கிறது. கடைகளில் ரிலிமேட் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் 2.54 மி.மீ. பின் இடைவெளி கொண்டது. ஜப்பானியக் கனெக்டர்கள் பலவற்றில் அந்த இடைவெளி 2.5 மி.மீ. மூன்று பின் என்றால் வித்தியாசம் தெரியாமலே நுழைந்துவிடும். பத்துப் பின் என்றால் கடைசிப் பின் 0.36 மி.மீ. தள்ளி நிற்கும், அழுத்தி நுழைத்தால் பலகையில் சால்டர் விரிசல் விடும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் வெர்னியர் காலிப்பரால் விட்டத்தை அளக்க வேண்டும், பின்களை எண்ண வேண்டும், அவை எத்தனை பாகை வளைவில் பரவியுள்ளன என்று பார்க்க வேண்டும், வழிகாட்டிப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். டின் (DIN) என்ற வட்ட வகைக் கனெக்டர்களில் பாகை மிகவும் முக்கியம்: ஐந்து பின் என்று கேட்டால் 180 பாகையில் பரவியதும் உண்டு, 240 பாகையில் பரவியதும் உண்டு. வெளி வளையம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

தாங்குதிறன்: தொடும் இடத்தில் என்ன நடக்கிறது

இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று முழுவதுமாகத் தொடுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் எந்தப் பரப்பும் நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டது என்பதால், மேடுகளின் நுனிகளில் மட்டுமே அவை தொடுகின்றன. ஓடும் மின்சாரம் அத்தனையும் அந்தச் சில புள்ளிகளின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். இந்த நெருக்கடியால் ஏற்படும் தடைக்குத் தொடுமின்தடை என்று பெயர். சாக்கெட்டின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறதோ அவ்வளவுக்குத் தொடும் புள்ளிகள் விரியும், தொடுமின்தடை குறையும். பழைய கனெக்டரில் முதலில் போவது இந்த அழுத்தம்தான். உலோகம் பளபளப்பாகவே இருக்கும், பிடி மட்டும் தளர்ந்திருக்கும்.

கணக்கிட்டால் விஷயம் விளங்கும். 13.8 வோல்ட்டில் இயங்கும் 100 வாட் சாதனம் ஒன்று அனுப்பும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். தொடுமின்தடை 10 மில்லிஓம் இருந்தால் அந்த இடத்தில் 0.2 வோல்ட் விழும், 4 வாட் வெப்பம் உண்டாகும். ஒற்றைப் பின்னில் 4 வாட் என்பது சிறிதல்ல. சூட்டில் உலோகத்தின் மேல் ஆக்சைடு படிகிறது, ஸ்பிரிங் மேலும் தளர்கிறது, தடை கூடுகிறது, சூடு இன்னும் ஏறுகிறது. பவர் பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

இதை மல்டிமீட்டரின் ஓம் அளவையில் பிடிக்க முடியாது, ஏனெனில் மீட்டரின் சொந்தக் கேபிள்களின் தடையே இதைப் போலப் பல மடங்கு. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரின் இரு பக்கமும் மீட்டரை வைத்து, எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று பார்ப்பதே சரியான முறை. குறைந்த வோல்ட் லைனில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வால்வு சாதனங்களில் 600 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பின்கள் உண்டு, அங்கே மீட்டரின் முனையோடு கை போகக் கூடாது.

வோல்ட்டைத் தாங்குவது உலோகத்தின் வேலையல்ல, இடையில் உள்ள காப்புப் பொருளின் வேலை. பிஎல்-259 வாங்கும்போது உள்ளே இருக்கும் வெள்ளை வட்டத்தைக் கவனிக்க வேண்டும். அது டெஃப்ளான் என்றால் சால்டரிங் அயர்னின் சூட்டில் அசையாது, ஏனெனில் அதன் உருகுநிலை 327 பாகை செல்சியஸ். மலிவான பிளாஸ்டிக் என்றால் நடுப்பின்னைச் சால்டர் செய்யும்போதே இளகி, பின் கோணலாகிவிடும். உதிரியாக ஒன்றை வாங்கிச் சூடு காட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வேண்டிய எண்ணிக்கையை வாங்குவதே சிக்கனம்.

சுருங்கச் சொன்னால், உருவம் ஒத்த கனெக்டர் எத்தனை ஆம்பியரைச் சூடாகாமல் கடத்தும் என்பது ஸ்பிரிங்கின் அழுத்தத்தைப் பொறுத்தது, எத்தனை வோல்ட்டைத் தாங்கும் என்பது காப்புப் பொருளைப் பொறுத்தது. இரண்டும் வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை.

ஆண்டெனா பக்கம் மட்டும் ஒரு கூடுதல் விதி

ஆண்டெனா கேபிளில் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் உள்ள விட்ட விகிதமும் இடையில் உள்ள காப்புப் பொருளும் சேர்ந்து, அந்தக் கேபிளில் ஓடும் அலை எத்தகைய எதிர்ப்பை உணரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இதை இம்பீடன்ஸ் என்கிறோம். ஹாம் சாதனங்களில் இது வழக்கமாக 50 ஓம். வழியில் இந்த அளவு மாறினால் அலையின் ஒரு பகுதி திரும்பிவிடும்.

பிஎல்-259 இந்த 50 ஓமைக் காப்பாற்றுவதில்லை என்பது உண்மை, அதனால் அதைக் கழற்றி எறிய வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலான பழைய சாதனங்கள் இயங்குவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது எச்.எஃப். எனப்படும் பகுதியில். 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 21 மீட்டர். அதன் பாதையில் சில சென்டிமீட்டர் நீளக் கனெக்டர் ஒன்று பிசகினால் அலைக்கு அது தெரியாது. 435 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 69 சென்டிமீட்டர்தான். அங்கே அதே கனெக்டர் கண்டிப்பாகக் கணக்கில் வரும். ஆகவே பழைய எச்.எஃப். சாதனத்தின் எஸ்ஓ-239-ஐப் பிடுங்கிவிட்டு வேறொன்று பொருத்துவதற்கு எந்தத் தேவையும் இல்லை.

பிஎன்சி (BNC) என்ற இன்னொரு கேபிள் கனெக்டர் வகையில் சி.சி.டி.வி. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 75 ஓம் கேபிளுக்கானவை. எச்.எஃப்.பில் இம்பீடன்ஸ் வித்தியாசம் தொல்லை தராது. கேபிளின் தடிமன் தரும். சி.சி.டி.வி.க்கான ஆர்ஜி-59 ஏறத்தாழ 6.15 மி.மீ., நாம் பயன்படுத்தும் ஆர்ஜி-58 ஏறத்தாழ 4.95 மி.மீ.; முன்னதற்கான கிரிம்ப் (கேபிளை நசுக்கிப் பிடிக்கும் வளையம்) பின்னதைப் பிடிக்காது. ‘என்’ (N) என்ற கனெக்டர் வகையில் நிலைமை வேறு: 50 ஓம் பிளக்கின் நடுப்பின் தடிமனானது என்பதால், 75 ஓம் சாக்கெட்டில் செருகினால் அதன் நடுத்துளை விரிந்து கெட்டுவிடும்.

எந்தப் பின்னில் எது: எட்டுப் பின் மைக்கின் கதை

1980களின் ஜப்பானிய சாதனங்களில் முன்பக்கம் இருக்கும் எட்டுப் பின் வட்ட மைக் கனெக்டர், உருவத்தில் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. பேசும்போது அழுத்தும் பொத்தானை பி.டி.டி. என்பார்கள். அது கென்வுட்டில் 2-ஆம் பின், ஐகாமில் 5-ஆம் பின், யேசுவில் 6-ஆம் பின். மைக்கின் ஒலி கென்வுட்டிலும் ஐகாமிலும் 1-ஆம் பின்னில் வருகிறது; யேசுவில் 8-ஆம் பின்னில்.

கென்வுட் மைக்கை ஐகாமில் செருகினால் ஒலிக்கான 1-ஆம் பின்னும் அதன் எர்த்தான 7-ஆம் பின்னும் தற்செயலாக ஒத்துப்போகின்றன, அதனால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை வந்துவிடும். ஐகாமின் 2-ஆம் பின்னிலோ 8 வோல்ட் வெளியே வருகிறது. பொத்தானை அழுத்தியதும் சாதனம் அனுப்பும் நிலைக்கு மாறாது. அந்த 8 வோல்ட் மட்டும் போகக் கூடாத பாதையில் போகும். கனெக்டரின் மேல் எந்தக் குறையும் இல்லை. புதியது, இறுக்கமானது, அளவும் சரி. மூன்றாவது கேள்வி கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இங்கே புதியவர்களைக் கவிழ்க்கும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கையேட்டில் உள்ள படம் செருகும் முகத்திலிருந்து வரையப்பட்டிருக்கலாம், அல்லது சால்டர் செய்யும் பின்பக்கத்திலிருந்து வரையப்பட்டிருக்கலாம். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். படத்தை நம்பாமல், காப்புப் பொருளின் மீது பின்களுக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மிகச் சிறிய எண்களை லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டும். பிறகு, மின்சாரம் இல்லாத நிலையில், எர்த் என்று குறிக்கப்பட்ட பின் உண்மையிலேயே சாதனத்தின் உடலோடு சேர்ந்திருக்கிறதா என்று மீட்டரால் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ரேடியோ சாமான் என்று கேட்காதீர்கள்

இனி தேடலுக்கு வருவோம். "கிடைக்காது" என்று சொல்லப்படும் கனெக்டர்களில் பல இன்னும் தயாரிப்பில் உள்ளன, வேறொரு தொழிலில் வேறொரு பெயரோடு. எஸ்.பி. ரோட்டில் "கென்வுட் மைக் கனெக்டர்" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டல்தான் விடை. அதே கடையில் ஒரு பெரியவர் சொல்லித் தந்தபடி, "அண்ணே, ஏவியேஷன் பிளக், ஜிஎக்ஸ்16, எட்டுப் பின் குடுங்க" என்று கேட்டால் டப்பாவோடு எடுத்து வைப்பார்கள். தானியங்கிக் கருவிகள் செய்பவர்கள் அன்றாடம் வாங்கும் பொருள் அது. ஐந்து பின் 180 பாகை டின் பிளக், கீபோர்டுகளை இணைக்கும் மிடி கேபிளாக இசைக்கருவிக் கடையில் தொங்குகிறது.

ராணுவ உபரியாக வந்த சாதனங்களில் இருக்கும் கனமான அலுமினியக் கனெக்டர்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அவற்றின் எண்ணே முழு விவரத்தையும் சொல்லிவிடும். எம்எஸ்3106ஏ-14எஸ்-2பி என்று எழுதியிருந்தால், 3106 என்பது கேபிளில் வரும் நேரான பிளக். 14 என்பது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கால் அளந்த அளவு, அதாவது மரையின் விட்டம் 14/16 அங்குலம். 2 என்பது பின்களின் அடுக்குமுறை. இந்த அளவில் அது நான்கு பின். கடைசி எழுத்து உள்ளே பின் இருக்கிறதா துளை இருக்கிறதா என்பதைக் குறிக்கும். இதே குடும்பம் சி.என்.சி. இயந்திரங்களின் செர்வோ மோட்டார் கேபிள்களில் இன்றும் வாழ்கிறது. ஆகவே இதற்கு ரேடியோக் கடையைவிட, பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களிடம் விசாரிப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

வால்வு பாணியில் வட்டமாக எட்டுப் பின்னும் நடுவில் ஒரு தண்டும் கொண்ட சாக்கெட்டை ஆக்டல் என்பார்கள். 1935-இல் வால்வுகளுக்காக வந்த வடிவம். இன்றும் கண்ட்ரோல் பேனல் சாமான் விற்கும் எலக்ட்ரிகல் கடைகளில் எட்டுப் பின், பதினொரு பின் ரிலே பேஸ்களாகக் கிடைக்கிறது. பிளக் வேண்டுமென்றால் செத்துப்போன ஆக்டல் வால்வின் பேக்லைட் அடிப்பாகமே போதும்: வால்வைத் துணியில் சுற்றிக் கண்ணாடியை உடைத்து நீக்கி, பின்களின் நுனியைச் சூடாக்கிப் பழைய கம்பிகளை இழுத்துவிட்டால், தொட்டுப் பழகிய கனத்தோடு ஒரு பிளக் கையில் இருக்கும். ரிலே பேஸ்கள் வழக்கமாக 250 அல்லது 300 வோல்ட்டுக்கே தரமிடப்பட்டவை என்பதால், 600 அல்லது 800 வோல்ட் ஓடும் பவர் இணைப்புக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

தட்டையான தகடுகள் கொண்ட ஜோன்ஸ் பிளக்குக்கு இந்தச் சுற்றுவழி எளிதில் அமையாது. அதன் எண்ணில் பி என்றால் தகடு, எஸ் என்றால் துளை, கடைசி இரண்டு இலக்கம் தொடுமுனைகளின் எண்ணிக்கை: பி-312 என்றால் பன்னிரண்டு தகடு. இதற்கு மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவை ஏற்பது நியாயம். மின்சாரம் தரும் பக்கத்தில் எப்போதும் துளையுள்ள பாதிதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் கழற்றிய கேபிளின் நுனியில் உயர் வோல்ட் தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கிடைக்கவே இல்லை என்றால்

மோலெக்ஸ் வகை பவர் கனெக்டர்களில் வெளிக்கூடு நன்றாக இருந்து பின் மட்டும் கருகியிருப்பதே அதிகம். பின்களைத் தனியே வாங்கலாம், 0.093 அங்குலம், 0.062 அங்குலம் என்று இரண்டு பொது அளவுகள், அதாவது 2.36 மி.மீ., 1.57 மி.மீ. பழையதை வெளியே எடுக்க, பின்னைச் சுற்றி நுழையும் மெல்லிய குழாய் ஒன்று வேண்டும். உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோவின் நீட்டும் ஆண்டெனாவில் பொருத்தமான துண்டு ஒன்று அநேகமாக இருக்கும்.

எதுவும் கிடைக்காதபோது சேசிஸில் (சாதனத்தின் உலோக உடலில்) புதிய துளை போட்டு இன்றைய சாக்கெட் ஒன்றைப் பொருத்தலாம் என்ற ஆசை வரும். என் கருத்தில் அது கடைசி வழிகூட அல்ல. பழைய சாக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு, உள்ளிருந்து ஒரு சிறு கேபிளை ஏற்கெனவே உள்ள துளை வழியாக வெளியே கொண்டுவந்து அதன் நுனியில் புதிய கனெக்டரை வைத்தால், நாளை அசல் பிளக் கிடைக்கும்போது பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.

காணாமல்போன பிளக் வெறும் கேபிள் முனையாக இல்லாமல் சுற்றின் ஒரு பகுதியாகவே இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. 1970களின் யேசு எஃப்டி-101-இல் பின்புறத் துணைக்கருவி சாக்கெட்டில் ஒரு பதினொரு பின் பிளக் செருகியிருக்க வேண்டும். இறுதி வால்வுகளின் ஹீட்டருக்குப் போகும் மின்சாரம் அந்தப் பிளக்கின் உள்ளே உள்ள ஒரு ஜம்பர் கம்பி வழியாகவே செல்கிறது. பிளக் தொலைந்துபோன சாதனத்தில் வால்வு எரியாது. வாங்கியவர் நல்ல வால்வுகளைக் கெட்டவை என்று முடிவுகட்டி மாற்றிக்கொண்டிருப்பார். இத்தகைய சாதனம் கைக்கு வந்தால், எந்தப் பிளக் எங்கே செருகியிருக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும்.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது

புதிய கனெக்டரில் அடுத்தடுத்த பின்களுக்கு இடையே ஷார்ட் இல்லை என்று மீட்டரால் உறுதிசெய்த பிறகு, மெயின்ஸில் ஓடும் சாதனத்தை நேராக 230 வோல்ட்டில் செருகாமல், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு கோர்த்த சீரிஸ் லாம்ப் வழியாகக் கொடுக்க வேண்டும். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் தொடரலாம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட்டு, பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர்களில் சேர்ந்த மின்னூட்டம் இறங்கியிருக்கிறதா என்று மீட்டரால் பார்த்த பிறகே கனெக்டரைத் திறக்க வேண்டும்.